இடது கண், மைனஸ் மூணு

வாங்கண்ணாச்சி, வாங்க. போன் வந்துச்சாக்கும்? வந்திருக்கும், வராம இருக்குமா? "உங்க கண்ணாடியில ஒரு சின்னத் திருத்தம் இருக்கு, கடைக்கு ஒரு எட்டு வந்தீங்கன்னா காசில்லாம மாத்திக் குடுத்துருவாங்க"ன்னு அவ்வளவு பவ்யமாப் பேசியிருப்பா. என் வீட்டுக்காரிதான், புஷ்பகனி. என்கிட்ட அந்தக் குரல்ல பேசி ரொம்ப நாளாச்சு. ஊர்க்காரங்களுக்காவது கெடைக்கட்டும்.

கண்ணாடியக் கழட்டி இப்படிக் குடுங்க. ஸ்டூல் உங்களுக்கு இடது கைப் பக்கம் கெடக்கு, தடவிப் பாத்து உக்காருங்க. மிஷின்ல வேற ஒருத்தர் லென்ஸ் ஓடிக்கிட்டு இருக்கு, அதுவும் மாடில இருந்து அவ போன் பண்ண கேஸுதான். முடிய அரை மணி நேரம் ஆகும். நீங்க ஸ்கூல் வேன் ஓட்டுறவரு தானே? அதான், கார்டுல எழுதியிருக்கேன். வேன் எடுக்க மூணு மணிதானே ஆகும், சாவகாசமா இருங்க. வர்றவங்க எல்லாம் கேக்குறதைத்தான் நீங்களும் கேப்பீங்க. என்ன திருத்தம், ஏன் திடீர்னு, அம்மா ஏன் கடைக்கு வர்றதில்ல, அம்மா கண்ணாடி எங்க போச்சு. நானே சொல்லிடுறேன். பக்கத்துக் கடைக்காரன் சொல்லிக் கேக்குறதுக்கு என் வாயால கேட்டா கொஞ்சம் மரியாதையா இருக்கும்.

லேசர், அண்ணாச்சி. லேசர்தான் எல்லாத்துக்கும் காரணம்.

விருதுநகர்ல கண்ணாடிக் கடை வச்சு இருபத்திரெண்டு வருஷம். அதுல பத்தொன்பது வருஷமா இந்தக் கல்லாவுக்குப் பக்கத்துல கண்ணாடி போட்டுக்கிட்டு உக்காந்திருந்தவ அவ. எந்தப் புருஷன் பொண்டாட்டிக்கு வருஷா வருஷம் புது ஃப்ரேம் மாத்துவான், சொல்லுங்க. நான் மாத்துனேன். ஸ்டாக்ல எது விக்காமக் கெடக்கோ அத அவ மூக்குல ஏத்திருவேன், ஒரு மாசத்துல நாலு பேரு "அக்கா போட்டிருக்கிற மாடல் குடுங்க"ன்னு கேட்டு வந்துருவாங்க. கத்திரிப்பூக் கலர்ல ஒண்ணு, ரெண்டு ஓரமும் மேல தூக்கி ஒண்ணு, காதுகிட்ட தங்கக் கலர்ல பூ வச்சு ஒண்ணு. அந்தப் பூ வச்சது காதுக்குப் பின்னால புண்ணாக்கிருச்சுன்னு ஒரு தடவ சொன்னா. பஞ்சு வச்சுக்கோன்னேன். அக்கறை இல்லாதவன்னா அதுகூடச் சொல்லியிருக்க மாட்டான்.

அவளுக்குத் தலைவலி உண்டு. சாயங்காலம் ஆறு மணி ஆச்சுன்னா கடை பூராவும் தைல வாசம். நான் சொல்லாத வைத்தியமா? டிவி பாக்காதன்னேன், காப்பியக் கொறைன்னேன், நேரத்துக்குத் தூங்குன்னேன். கண்ணு சரியில்லையோன்னு அவ கேட்டா, "கண்ணாடிக் கடைக்காரன் பொண்டாட்டிக்குக் கண்ணு சரியில்லன்னு வெளிய சொல்லாத, சிரிப்பாங்க"ன்னு சொல்லுவேன். அவளும் சிரிப்பா. அப்பல்லாம் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தா.

இந்த வருஷம் தை மாசம் மதுரையில இருந்து ஒரு கண் ஆஸ்பத்திரிக்காரங்க வந்தாங்க. பேரு வேணாம், பேரச் சொன்னா அதுவும் அவங்களுக்கு விளம்பரம். இங்க கல்யாண மண்டபத்துல லேசர் விழிப்புணர்வு முகாம்னு போட்டு, நோட்டீஸ்ல சிறப்பு விருந்தினர்னு என் பேரையும் அடிச்சிருந்தாங்க. கண்ணாடியக் கழட்டுங்கன்னு சொல்ற கூட்டத்துக்குக் கண்ணாடிக் கடைக்காரன் விருந்தினர். போகலாமா? போகக் கூடாதுதான். ஆனா பொன்னாடை போத்துறேன்னு சொன்னா நான் எங்க வேணாலும் போயிருவேன் அண்ணாச்சி, அது ஒரு பலவீனம். கண்ணின் மகத்துவம்னு பதினஞ்சு நிமிஷம் பேசினேன். நல்ல கைதட்டு. பேசி முடிச்சுப் பொன்னாடையோட கீழ பாக்குறேன், முன் வரிசைல உக்கார வச்சிருந்த பொண்டாட்டியக் காணோம். டெஸ்ட் பண்ற வரிசைல போய் நிக்கிறா.

அங்க ஒரு பொண்ணு, படிச்சு முடிச்சு ஆறு மாசம் ஆகியிருந்தா அதிகம். டிரையல் ஃப்ரேம மாட்டி, ஒவ்வொரு லென்ஸாப் போட்டுப் போட்டு எடுத்துக்கிட்டு இருந்தா. நான் பக்கத்துல போயி, "நம்ம வீட்டம்மாதான், சும்மா பாருங்க"ன்னு சொல்றதுக்கும், அந்தப் பொண்ணு இடது கண்ணுல ஒரு சிலிண்டர் லென்ஸப் போடுறதுக்கும் சரியா இருந்துச்சு. புஷ்பகனி கடைசி வரியப் படிச்சா. அதுக்குக் கீழ, போர்டு அடிச்ச கம்பெனி பேரு எறும்பு சைஸ்ல இருக்கும், அதையும் படிச்சா. படிச்சுட்டு அப்படியே உக்காந்திருந்தா. எந்திரிக்கவே இல்ல.

சிலிண்டர்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதுல்ல. ஒண்ணுமில்ல, கண்ணோட வளைவு எல்லாப் பக்கமும் ஒண்ணு போல இல்லாம ஒரு பக்கம் கொஞ்சம் இழுத்துக்கிட்டு இருக்கும். அதுக்குத் தனியா லென்ஸ் ஆர்டர் போடணும், வந்து சேர ஒரு வாரம் ஆகும். அவசரத்துக்கு என்ன பண்ணுவோம்னா, அந்த சிலிண்டர்ல பாதியத் தூக்கி சாதாப் பவரோட சேத்து, கையில இருக்கிற ரெடி லென்ஸ உரசி மாட்டிருவோம். பத்துக்கு எட்டுத் தெரியும். மிச்ச ரெண்டு பழகிரும். மனுஷன் எதுக்குத்தான் பழகல?

அந்தப் பொண்ணு புஷ்பகனியோட பழைய கண்ணாடிய மிஷின்ல வச்சுப் பாத்துட்டு, மண்டபம் பூரா கேக்குற மாதிரி, "மேடம், இதுல சிலிண்டரே இல்லையே, இத எந்தக் கடைல போட்டீங்க?"ன்னு கேட்டா. நான் பொன்னாடையோட நிக்கிறேன். என் பேரு பேனர்ல தொங்குது.

"வெளியூர்ல"ன்னா புஷ்பகனி.

நல்ல வேளை. சமயோசிதம் உள்ளவ. வீட்டுக்கு வர்ற வழியில, "நல்லாச் சமாளிச்ச"ன்னு பாராட்டக்கூடச் செஞ்சேன். வீட்டுக்கு வந்து, "நான் லேசர் பண்ணிக்கப் போறேன்"ன்னா. அவ்வளவுதான்.

மதுரைக்குப் போனோம். லேசர்னா படுக்க வச்சு டார்ச் அடிச்சு அனுப்பிருவாங்கன்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்களா? அதுல வகை வகையா இருக்கு. அதுக்குன்னே ஒரு பொண்ணு, கையில படப் புத்தகத்த வச்சுக்கிட்டு விளக்குறா. மொத வகைல, கருவிழி மேல மெல்லிசா ஒரு மூடி வெட்டி, அதத் தூக்கி மடக்கி வச்சு, உள்ள லேசர் அடிச்சு, திரும்ப மூடிருவாங்களாம். மறுநாளே பளிச்சுன்னு தெரியுமாம். இன்னொண்ணுல மூடி கெடையாது. உள்ளுக்குள்ளயே லேசரால மெல்லிசா ஒரு சில்லு செதுக்கி, ஓரத்துல சின்னத் தொளை போட்டு அது வழியா உருவிருவாங்களாம். அப்புறம் ஒரு பழைய வகை, மேல் தோல மட்டும் எடுத்துட்டு அந்த எடத்துலயே லேசர். தோல் தானா வளந்துக்கும், ஆனா நாலஞ்சு நாள் எரியும், பார்வை நல்லாத் தெளிய வாரக் கணக்கா ஆகும். இது எதுக்குமே கண்ணு ஒத்து வரலைன்னா, கண்ணுக்குள்ளயே ஒரு லென்ஸ வச்சுத் தைக்காம விட்டுருவாங்களாம். மூடி, தொளை, சுரண்டல். கேக்கவே எவ்வளவு மங்களகரமா இருக்கு பாருங்க.

"இதுல எதும்மா நல்லாப் போகுது?"ன்னு கேட்டேன். தொழில் தெரிஞ்சவன் கேக்குற கேள்வி. அந்தப் பொண்ணு என்னப் பாத்து, "இது நாம எடுக்குறதில்ல சார், கண்ணு எடுக்குறது"ன்னுச்சு. வசனத்த மனப்பாடம் பண்ணி வச்சிருக்கு.

இவ என்னடான்னா ஒரு நோட்ட எடுத்து எழுதிக்கிட்டு இருக்கா. மூடி வெட்டுனா பின்னால அடிபட்டா நகருமா? சமையக்கட்டுல புகைல நிக்கலாமா? கண்ணு காஞ்சு போகுமா, போனா எத்தனை மாசம்? பவர் திரும்ப ஏறுமா? சிலிண்டரும் சேந்து போயிருமா? ஒவ்வொண்ணுக்கும் அந்தப் பொண்ணு பொறுமையாப் பதில் சொல்லிச்சு. காஞ்சு போகும், சில மாசம் சொட்டு மருந்து விடணும். ராத்திரி விளக்கச் சுத்திக் கொஞ்ச நாளைக்கு வளையம் தெரியலாம். சிலிண்டர் போயிரும்கா. அப்படின்னதும் இவ பேனாவ மூடி வச்சுட்டா. பத்தொன்பது வருஷத்துல என்கிட்ட அவ இத்தனை கேள்வி கேட்டதில்ல அண்ணாச்சி. என்மேல அவ்வளவு நம்பிக்கை.

அப்புறம் மிஷின் மேல மிஷின். கருவிழிய அளந்து கலர் கலரா ஒரு படம் எடுத்தாங்க. தடிமன் பாத்தாங்க. கண்ணீர் ஊறுதான்னு ஒரு காகிதத்த இமைல சொருகிப் பாத்தாங்க. கண்ணீர் நல்லா ஊறுதுன்னு ரிப்போர்ட். கடைசில பெரிய டாக்டரம்மா கூப்பிட்டு, "வடிவம் நல்லா இருக்கு, ஆனா கருவிழி கொஞ்சம் மெல்லிசு. மூடி வெட்டுற வகை வேணாம், மேல பண்றதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. நாலு நாள் வலி பொறுத்துக்கணும்"னாங்க. "எல்லாருக்கும் ஒரே லேசர் கெடையாதும்மா, ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியா அளந்துதான் பண்ணணும்"னு வேற சொன்னாங்க. சொல்லும்போது ஏன் என்னப் பாத்தாங்கன்னு தெரியல. மேசைல என் விசிட்டிங் கார்ட நான்தான் வச்சிருந்தேன்.

எனக்கு அங்க ஒரு சந்தோஷம் கெடச்சது, அத மறைக்க மாட்டேன். "உங்களுக்கு முப்பத்தொன்பது. இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல படிக்கிறதுக்குக் கண்ணாடி வந்துரும். அது வயசோட வர்றது, லேசர் அத நிறுத்தாது"ன்னாங்க டாக்டரம்மா. நான் இவளத் திரும்பிப் பாத்தேன். எப்படியும் நம்ம கடைக்குத்தானே வரணும், எதுக்கு இந்தக் கஷ்டம்? புஷ்பகனி டாக்டரம்மாவப் பாத்தே பதில் சொன்னா. "வரட்டும் டாக்டர். அப்ப நானே பாத்து ஒண்ணு வாங்கிக்கிறேன்."

வாங்கிக்கிறேனாம். சொந்தக் கடைல.

ஆபரேஷன் பத்து நிமிஷம்கூட ஆகல. பூ வைக்கக் கூடாது, சென்ட் போடக் கூடாது, பவுடர் கூடாதுன்னு ஏகப்பட்ட சட்டம். கண்ணு மரத்துப் போக மருந்து விட்டு, மேல் தோல எடுத்து, லேசர் அடிச்சு, புண்ணு ஆறுற வரைக்கும் ஒரு லென்ஸ வச்சு மூடி, கறுப்புக் கண்ணாடி மாட்டி அனுப்பிட்டாங்க. அந்தக் கறுப்புக் கண்ணாடியோட தரம் இருக்கே, சொல்லிக்க முடியாது. நம்ம கடைலருந்து நல்லதா ஒண்ணு எடுத்துட்டுப் போயிருந்தேன், வேணாம்னுட்டா.

நாலு நாள் மாடில ஜன்னல் எல்லாம் சாத்தி இருட்டுல கெடந்தா. கண்ணுல மொளகாப் பொடி அள்ளிப் போட்ட மாதிரி இருக்குன்னா. தண்ணியா ஊத்துது, திறக்கவே முடியல. நான்தான் பாத்தேன் அண்ணாச்சி, அதையும் சொல்லணும்ல. கடைய மத்தியானத்தோட சாத்திட்டு, ரசம் வச்சு, சோறு பெசஞ்சு கையில குடுத்தேன். மூணு வகைச் சொட்டு மருந்து, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நேரம். கீழ் இமைய விரலால லேசா இழுத்து, ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு, வழியாம விடுவேன். கை நடுங்காது எனக்கு. அவ முகத்த அவ்வளவு பக்கத்துல வச்சுப் பாத்து எத்தனை வருஷமாச்சுன்னு நெனச்சேன். மூக்குக்கு ரெண்டு பக்கமும் குழி விழுந்திருந்துச்சு. ஃப்ரேம் உக்காந்த எடம். விரல் வச்சா உள்ள போகுது.

மூணாவது நாள் மருந்து விட்டு முடிச்சதும் கண்ண மூடிக்கிட்டே கேட்டா. "ஏங்க, என்னோட மொதக் கார்டு பரண்ல இருக்கும்ல?"

இருக்கும். நம்ம கடைல எல்லாருக்கும் கார்டு உண்டு. பேரு, ஊரு, தொழில், ரெண்டு கண்ணு பவர், எல்லாம் என் கையெழுத்து. வருஷம் வாரியாப் பெட்டில அடுக்கிப் பரண்ல வச்சிருக்கேன். அவளே இங்க வாடிக்கையா வந்தவதான். இருபது வயசுல, அவங்க அப்பாவோட வந்தா. நான்தான் டெஸ்ட் பண்ணேன். அந்த வெள்ளிக்கிழமை ஏதோ விசேஷத்துக்குப் போகணும், அதுக்குள்ள கண்ணாடி வேணும்னாரு அவங்க அப்பா. "நாளைக்கே தர்றேன் மாமா"ன்னேன். மாமான்னு சும்மாதான் கூப்பிட்டேன், அவரு அதப் புடிச்சுக்கிட்டாரு. ஆறு மாசத்துல கல்யாணம்.

"அந்தக் கார்ட எடுத்து எனக்குப் படிச்சுக் காட்டுங்க"ன்னா. "அப்பவே அந்த சிலிண்டர் இருந்துச்சா, இல்ல பின்னால வந்ததான்னு தெரியணும். உங்களுக்கு அப்ப அளக்கத் தெரியாம விட்டுருந்தா பரவாயில்ல. கடை ஆரம்பிச்ச புதுசு தானே."

பரண்ல ஏறுனேன். கார்ட எடுத்தேன். கெடைக்கலன்னு சொல்லியிருக்கலாம், எலி கடிச்சிருச்சுன்னு சொல்லியிருக்கலாம். அந்த நேரத்துல தோணல. எடுத்துட்டு வந்து அவ பக்கத்துல உக்காந்து படிச்சேன். "வலது கண், மைனஸ் மூணரை. இடது கண், மைனஸ் மூணு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவ மூச்ச விட்டா. என் கையத் தேடி எடுத்து நெஞ்சுல வச்சுக்கிட்டா. "நான் வேற என்னமோ நெனச்சுட்டேன்"ன்னா. கண்ணு மூடித்தான் இருந்துச்சு, தண்ணி மட்டும் வழியுது. மருந்தா என்னன்னு தெரியல.

நான் பொய் சொல்லல அண்ணாச்சி. வலது மூணரை, இடது மூணு, ரெண்டும் கார்டுல இருக்கிறதுதான். பக்கத்துல 'சிலிண்டர் ஒண்ணே கால்'னு இருந்தத சேத்துப் படிக்கல, அவ்வளவுதான். கண்ணு எரிஞ்சு படுத்திருக்கிறவகிட்ட எதுக்கு அதெல்லாம்? படிச்சுட்டு கார்ட பழையபடி அதே வருஷத்துப் பெட்டில அதே எடத்துல சொருகி வச்சேன். கிழிச்சுப் போட்டிருக்கலாம். எனக்குக் கார்டு கிழிக்க மனசு வராது, ஒழுங்கா வாழ்ந்து பழகிட்டேன்.

பதினாறாம் நாள் அவளுக்குப் பார்வை தெளிஞ்சுருச்சு. காலைல எந்திரிச்சவ எதிர் வீட்டுக் காலண்டர்ல தேதிய எங்க ஜன்னல்ல இருந்தே படிச்சா. சாயங்காலம் ஆறு மணி ஆச்சு, தைலம் தேடல. அதப் பாத்துட்டுத்தான் நான் கடைக்கு எறங்குனேன். ராத்திரி போறேன், பரண்ல இருந்த பெட்டி பூரா கூடத்துல எறங்கியிருக்கு. நடுவுல இவ உக்காந்திருக்கா, மடில அந்தக் கார்டு.

சண்டை போட்டாளான்னு கேக்குறீங்களா? போட்டா நல்லா இருந்திருக்குமே. தட்டு, டம்ளர் ஏதாவது பறந்திருந்தா அதோட முடிஞ்சிருக்கும். அவ கார்டோட மூலைல நான் சின்னதா 'ரெ'ன்னு போட்டிருந்தேன். அதத் தொட்டுக் காட்டி, "இது என்னங்க?"ன்னா. ரெடி லென்ஸ் மாட்டுன கார்டுல எல்லாம் அப்படி ஒரு குறி போடுவேன், அடுத்த தடவ வரும்போது சரியாப் போட்டுக் குடுக்கலாம்னு. நல்ல எண்ணந்தான். அடுத்த தடவ வரும்போது அவங்களுக்கு அதுவே பழகியிருக்கும், புதுசா மாத்துனா தலை சுத்துதும்பாங்க, அப்படியே விட்டுர்றது. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள அவளுக்குப் புரிஞ்சுருச்சு. ஒவ்வொரு கார்டா எடுத்து 'ரெ' போட்டத எல்லாம் தனியா அடுக்கிட்டா. அந்த அடுக்க நான் பாத்தேன். அவ்வளவு இருக்கும்னு எனக்கே தெரியாது.

மறுநாள் காலைல இருந்து போன். கடைக்கு எறங்கி வர்றதில்ல. மேல இருந்துக்கிட்டே ஒவ்வொருத்தராக் கூப்பிடுறா. இப்பக்கூடக் கேக்குதா பாருங்க, மாடில. யாரோ சாத்தூர்க்காரங்ககிட்டப் பேசிக்கிட்டு இருக்கா. புருஷன் கடைய மூடுறதுக்குப் புருஷன் போன்ல இருந்தே போன். ஏதோ தப்பு நடந்துபோச்சுன்னு சொல்றாளான்னு காது குடுத்துக் கேட்டுப் பாத்தேன். இல்ல. ஒரு வார்த்தை என்ன விட்டுக் குடுக்கல. "சின்னத் திருத்தம்"னுதான் சொல்றா. மண்டபத்துல வெளியூர்ல போட்டதுன்னு சொன்ன மாதிரியேதான்.

வர்றவங்களாவது சண்டை போடணும்ல? அவங்களும் போடுறதில்ல. ஆர்டர் லென்ஸ் வந்து மாட்டிக்கிட்டுத் தெருவுல எறங்கி நின்னு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பாக்குறாங்க. தைக்கிற அம்மா ஒருத்தங்க, மல்லிகான்னு பேரு, ஊசில நூல மொதத் தடவையே கோத்துட்டேன்னு மிக்சர் பொட்டலத்தோட வந்தாங்க. எனக்கில்ல, மாடிக்கு. நான் இங்க கல்லாவுல உக்காந்திருக்கேன், என்னத் தாண்டிப் படியேறிப் போறாங்க.

போன வாரம் பொறுக்க முடியாமப் போயி, "இன்னும் எத்தனை நாளைக்கு இந்தக் கூத்து?"ன்னு கேட்டேன்.

அவ போன கீழ வச்சா. "ஒரே ஒரு வார்த்தைதான் வேணும். தெரிஞ்சுதான் போட்டேன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. அதுக்கப்புறம் மிச்சப் பேருக்கு யார் போன் பண்றதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. கண்ணாடி தப்புன்னுகூட நான் விட்டுருவேங்க. கண்ணத் திறக்க முடியாமக் கெடந்தப்பப் படிச்சீங்க பாருங்க, அத என்னால விட முடியல."

சொல்றதுக்கென்ன? சொல்லிரலாம்னுதான் நிமிந்து பாத்தேன். அவ முகத்துல ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. அதாவது, கண்ணாடி இல்ல. பத்தொன்பது வருஷமா நான் அவளப் பாத்தா மொதல்ல ஃப்ரேமத்தான் பாப்பேன், சாஞ்சிருக்கா, ஸ்க்ரூ தளந்திருக்கா, அடுத்து எத மாட்டலாம்னு. இப்பப் பாக்க ஒண்ணும் இல்ல, நேரா கண்ணுதான் இருக்கு. அவ கண்ணு கொஞ்சம் பழுப்பு நெறம். எனக்குத் தெரியாது.

என்ன மோட்டுவளையவே பாக்குறீங்க? ஓ, உங்க கண்ணாடி என்கிட்ட இருக்குல்ல. பவர் பாக்குற மிஷின்ல வச்சுப் பாத்துட்டேன். நீங்க ஒண்ணு சொல்லுங்க. சாயங்காலம் வேன்ல பிள்ளைங்கள எறக்கி விட்டுட்டு வரும்போது, எதுத்தாப்புல வர்ற வண்டி லைட்டு ஒரு பக்கமா நீண்டு இழுத்துக்கிட்டுத் தெரியுதா? எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும்னு நெனச்சுக்கிட்டு ஓட்டுனீங்களா?

இல்லண்ணாச்சி. எல்லாருக்கும் அப்படித் தெரியாது.

உங்க கார்டுலயும் 'ரெ' இருக்கு. ரெண்டு கண்ணுலயும் சிலிண்டர். அளந்ததும் நான்தான், எழுதுனதும் நான்தான். அன்னைக்கு நீங்க அவசரம்னு சொன்னீங்களா, நானே அவசரப்பட்டேனான்னு ஞாபகம் இல்ல. ஆனா தெரியும். தெரிஞ்சுதான் போட்டேன். ஆர்டர் இன்னைக்கே போட்டுர்றேன், புதுசு வர்ற வரைக்கும் பொழுது சாஞ்சா வண்டிய வேற யார்கிட்டயாவது குடுங்க. பிள்ளைங்க இருக்கு.

பாத்தீங்களா, உங்ககிட்ட சொல்லிட்டேன். தைக்கிற மல்லிகாம்மாகிட்டயும் சொன்னேன், நேத்து வந்த போஸ்ட்மாஸ்டர்கிட்டயும் சொன்னேன். வர்றவங்க எல்லார்கிட்டயும் மூஞ்சியப் பாத்து நல்லாவே சொல்ல வருது. தினம் மத்தியானம் மேல அவகிட்டப் போறேன். அவ நிமிந்து பாக்குறா. சாப்பாடு ஆச்சான்னு கேட்டுட்டு எறங்கி வந்துடுறேன்.